எதுவரைக்கும் கழட்டுவது

கேப்டன் என்று எல்லோரும் கூப்பிட்டாலும் அவளுக்குத் தொப்பியும் கிடையாது, விசிலும் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு மரப்படகும், அதன் வயிற்றுக்குள் குந்தியிருந்த ஒரு பழைய டீசல் இன்ஜினும்தான். ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அகலமான தண்ணீரின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக ஆட்களை ஏற்றி இறக்குவது அவள் பிழைப்பு. பாலம் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் வழி. பஸ் பிடித்துப் போய் இறங்குவதற்குள் போன காரியமே மறந்துவிடும்.

அதற்கு முன்னால் அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். ஜன்னல் இல்லாத அறை. வெளியே மழையா வெயிலா என்று போன் செய்கிறவர்கள் சொன்னால்தான் தெரியும். வேலைக்குப் போக வர இதே படகில்தான் ஆற்றைக் கடப்பாள். அந்தக் கால்மணி நேரம்தான் அவளுக்கு நாளிலேயே பிடித்த நேரம். ஒருநாள் காலை, அப்போது படகை ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் முழங்காலைத் தடவிக்கொண்டே, "இது ரெண்டும் என்கூட பேச்சுவார்த்தைய நிறுத்திடுச்சும்மா. படகை யாருக்காவது குடுத்துடலாம்னு பாக்குறேன். நீயே எடுத்துக்கோயேன்" என்றார், சும்மா பேச்சுக்கு. அவள் அக்கரை வரை சிரித்துக்கொண்டே போனாள். சாயங்காலம் திரும்பி வரும்போது சிரிப்பு நின்றிருந்தது.

வீட்டுக்காரருக்கு வீடுகளுக்குச் சாயம் பூசும் வேலை. எல்லோருக்கும் அவர் பெயிண்டர்தான். விஷயத்தைக் கேட்டதும் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"நெஜமாவா?"

"நெஜமாத்தாங்க."

பெயிண்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ படகுக்கு என்ன கலர் அடிக்கலாம்?"

உறவுக்காரர்கள் அவ்வளவு சுலபமாக விடவில்லை. நாற்பது வயதில் இவளுக்கு மறை கழண்டுவிட்டது என்று ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினாள். முதல் நாள், முதல் சவாரி. அக்கரையில் வேகத்தைக் குறைக்க மறந்து, துறையின் பலகை ஒன்றைப் பெயர்த்தே விட்டாள். அந்த இடியில், நின்றுகொண்டிருந்த ரொட்டிக்கடைக்காரர் தன் ரொட்டிக் கூடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். ஆறடி ஆள், தினமும் காலையில் அக்கரைக் கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகிறவர். எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு, "பரவால்ல கேப்டன். ரொட்டிதான நசுங்கிச்சு, ருசி நசுங்காது" என்றார். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான். கிண்டலாக ஆரம்பித்தது, வருஷங்கள் போகப்போக மரியாதையாகவே ஆகிவிட்டது.

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில், ஒரு காலை, இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவினால், கறுப்பாக வரவேண்டிய ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி வெளுத்து வருகிறது.

அவள் குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தாள். அதே டீ. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. முந்தின நாள் காலையில் நன்றாகத்தான் இருந்தது. துறையில் வரிசையாக நின்றவர்களிடம், "இன்னைக்கு வண்டி இல்ல, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லும்போது, ஆஸ்பத்திரியில் நல்லதில்லாத செய்திக்கு லைன் கொடுத்த குரல் தானாகவே வந்தது. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே பஸ் நிறுத்தத்தைப் பார்க்க நடந்தது. ரொட்டிக்கடைக்காரர் மட்டும் கூடையைத் தலையில் வைத்தபடி திரும்பிப் பார்த்து, "சீக்கிரம் பாருங்க கேப்டன். பஸ்ல நாலு பேரு மோந்து பாத்தே பாதி ரொட்டிய முடிச்சிடுவாங்க" என்று கத்திவிட்டுப் போனார்.

அவளுக்கு ஒரு தம்பி உண்டு. லாரிப் பட்டறையில் மெக்கானிக். கைக்கெட்டும் தூரத்தில் மெக்கானிக் தம்பி இருந்தும் அவனைக் கூப்பிட அவள் மத்தியானம் வரை தயங்கினாள் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. அவன் பெயரே கழட்டி.

எதைக் கண்டாலும் கழட்டிப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. சின்ன வயதில் அலாரம் கடிகாரத்தில் ஆரம்பித்தான். அக்கா கல்யாணத்துக்கு வந்த மிக்ஸியை, அவள் அதில் ஒரு சட்னிகூட அரைப்பதற்கு முன்னால், உள்ளே எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று பிரித்தான். திரும்பப் பூட்டினபோது நாலு திருகாணி மிச்சம். "இது இல்லாமயே ஓடும்கா" என்றான். ஓடியது, மேஜை மேலிருந்து ஓடிக் கீழே விழுந்தது. அவனுடைய சொந்த மோட்டார் சைக்கிள் பல வருஷமாக மூன்று கோணிப்பைகளில் இருக்கிறது. அதற்காக அவனை மட்டமான மெக்கானிக் என்று சொல்லிவிட முடியாது. பட்டறையில் அவன் தொட்ட லாரி வழியில் நின்றதே இல்லை. அங்கே ஒரு மேஸ்திரி அவன் முதுகுக்குப் பின்னாலேயே நின்று, "போதும்டா, பூட்டு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான்.

தகவல் போன வேகத்தைவிட அவன் வந்த வேகம் அதிகம். இரண்டு கைகளிலும் கருவிப் பெட்டி, முகத்தில் கல்யாண வீட்டுக்குள் நுழைகிற களை. இன்ஜினைப் பார்த்ததும் பெட்டிகளை இறக்கி வைத்து, கையைத் தேய்த்துக்கொண்டான். "அக்கா, கவலைய விடு. நாளைக்கே செயின் போட்டு இன்ஜின வெளிய தூக்கிடலாம். ஹெட், பிஸ்டன், கிராங்க், ஒண்ணு விடாம பிரிச்சு வரிசையா வெச்சிடலாம்."

"வெச்சு?"

"வெச்சுப் பாக்கலாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெயிண்டர் சிரிக்காமல், "மாப்ள, வரிசையா வெக்கிறதுக்கு நம்ம வீட்டுல கோணிப்பை போதாதே" என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "ஆயில மாத்திட்டு ஓட்டிப் பாரேன். ரெண்டு நாள்ல தானா சரியாயிடும்" என்றார்.

"மாமா, இது என்ன செவுத்து ஈரமா, மேல ஒரு கோட்டு அடிச்சு மறைக்க? தண்ணி கலந்த ஆயில்ல ஓட்டினா பேரிங் தேஞ்சு இன்ஜினே போயிடும்" என்றான் கழட்டி.

அதுவும் சரிதான். ஒருவர் ஒன்றையுமே தொடாதே என்கிறார், இன்னொருவன் ஒன்றையுமே விடாதே என்கிறான். கேப்டன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மேஸ்திரியின் நினைவு வந்தது.

"சரி, கழட்டு. ஆனா ஒவ்வொண்ணும் கழட்டினதும் நிறுத்தணும். டீ குடிக்கணும். அதுக்கு மேல எதுக்கு கழட்டணும்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லணும். எனக்குப் புரிஞ்சாதான் அடுத்த நட்டுல ஸ்பானர் வெக்கலாம்."

"டீக்கெல்லாம் ஒத்துக்கிறேன்" என்றான் கழட்டி. "புரியிற மாதிரின்னா கொஞ்சம் நேரம் ஆகுமேக்கா."

"ஆகட்டும். எனக்கென்ன, படகா ஓடிட்டு இருக்கு?"

மறுநாள் காலை வேலை ஆரம்பமானது. முதலில், டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களை மட்டும் உருவிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தார்கள். பிஸ்டன் ஓடுகிற இடத்தில் தண்ணீர் புகுந்திருந்தால் அந்த ஓட்டைகள் வழியாகத் தெறிக்க வேண்டும். புஸ்ஸென்று காற்று வந்ததே ஒழிய ஒரு சொட்டுகூட இல்லை.

டீ வந்தது. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்வதற்குள் கழட்டி, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டின் மூலை நட்டில் ஸ்பானரை மாட்டிவிட்டிருந்தான். அது நகராமல் க்ரீச்சென்று அழுதது. துருப்பொடி உதிர்ந்தது.

"டேய்! என்ன பேசினோம்?"

"சும்மா லூசா இருக்கான்னு பாத்தேன்கா."

"இருக்கா?"

"இல்ல." அவன் முகத்தில் கொஞ்சம் கலவரம் தெரிந்தது. "வருஷக்கணக்கா உப்புக் காத்துல ஊறிப் பிடிச்சிருக்கு. முரண்டு பண்ணி முறுக்கினா போல்ட் உள்ளயே முறிஞ்சிடும். அப்புறம் அத துளை போட்டுத்தான் எடுக்கணும்."

"சரி, ஹெட்ட எதுக்குத் தூக்கணும்? அத சொல்லு மொதல்ல."

அவன் விரலால் காற்றில் படம் போட்டு விளக்கினான். இன்ஜினுக்குள் சூடு தணிக்க ஒரு நல்ல தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பச்சைக் கூலன்ட் கலந்தது, வெளியே போகாது, மேலே இருக்கிற டாங்கிக்கே திரும்பி வரும். ஹெட்டுக்கு அடியிலிருக்கிற கேஸ்கெட் என்கிற அடைப்புத் தகடு கிழிந்தால் அந்தத் தண்ணீர் ஆயிலில் இறங்கிவிடும். ஹெட்டைத் தூக்கினால்தான் கேஸ்கெட்டைப் பார்க்கலாம்.

கேப்டன் டீயைக் கீழே வைத்துவிட்டு டாங்கியின் மூடியைத் திறந்தாள். கழுத்து வரை பச்சைத் தண்ணீர் தளதளவென்று நின்றது. "தினம் காலைல இத நான்தான் பாக்குறேன். இந்த மாசம் பூரா ஒரு சொட்டு ஊத்தல. உள்ள இருக்கிற தண்ணி அங்க போயிருந்தா இங்க குறைஞ்சிருக்கணும்ல?"

கழட்டி டாங்கிக்குள் எட்டிப் பார்த்தான். "ஆமால்ல" என்றான்.

"அப்போ இந்த இன்ஜினுக்குள்ள வேற எந்தத் தண்ணி வருது?"

"ஆத்துத் தண்ணி. அந்தப் பச்சத் தண்ணிய ஆற வெக்கிறதுக்கு ஒரு பம்பு ஆத்துலேர்ந்து இழுத்து, சுத்திவிட்டு வெளிய தள்ளும்." சொல்லிவிட்டு அவனே நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஆயில வடிச்சுப் பாத்துடலாம்கா. ஆத்துத் தண்ணின்னா உப்பு கரிக்கும்."

கடல் ஏறி வரும்போதெல்லாம் அந்த இடத்தில் ஆறு உப்புத்தான். வெளுத்த ஆயிலில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்து, நிழலில் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் ஆயில் மேலே ஏறி, அடியில் கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர் தங்கியது. அதை ஒரு மூடியில் தனியாக எடுத்தாயிற்று. இனி யாராவது நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கழட்டி பெயிண்டரைப் பார்த்தான். பெயிண்டர் வானத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து, பஸ்ஸில் நசுங்கித் திரும்பிய ரொட்டிக்கடைக்காரர் காலிக் கூடையோடு துறைக்கு வந்தார். விஷயம் என்னவென்று கேட்டவர், "நாக்கு விஷயத்துக்கு என்னைக் கேக்க வேணாமா? மாவுல ஒரு சிட்டிகை உப்பு கூடினாலும் கண்டுபிடிச்சிருவேன்" என்று சுண்டுவிரலை நனைத்து நுனிநாக்கில் தொட்டார். மறுகணம் படகின் ஓரத்துக்குப் பாய்ந்து, த்தூ த்தூ என்று துப்பி, ஒரு சொம்புத் தண்ணீரால் வாய் கொப்பளித்தார். மூவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உப்பு" என்றார், கண்ணில் தண்ணீரோடு. "ஆனா ஆயில் கொஞ்சம் தூக்கலா இருக்கு."

பம்பைக் கழட்டுவதற்கு அவளிடம் காரணம் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அடுத்த நாள் காலை இரண்டு போல்ட்டில் அது கையோடு வந்துவிட்டது. கழட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளே தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் சீலின் விளிம்பு தேய்ந்து, கிழிந்திருந்தது. ஆனால் அவன் அதோடு நிறுத்தவில்லை. பம்பின் அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டி எதையோ தேடினான். ஒரு ஆணியால் சுரண்டினான். பச்சைப் பெயிண்ட் ஏடாகப் பெயர்ந்து வந்து, பின்னாலிருந்து ஒரு குட்டி ஓட்டை எட்டிப் பார்த்தது.

"மாமா" என்றான் மெதுவாக. "இன்ஜினுக்கு பெயிண்ட் அடிச்சது யாரு?"

"ஏன், நான்தான். போன வருஷம் அடிச்சேன். பிரைமர் ஒண்ணு, அதுக்கு மேல ரெண்டு கோட்டு. பாரு, இன்னைக்கும் எப்படிக் கண்ணாடி மாதிரி மின்னுதுன்னு" என்றார் பெயிண்டர் பெருமையாக.

"ரொம்ப நல்லா அடிச்சிருக்கீங்க. சீல் கிழிஞ்சா தண்ணி வெளிய ஒழுகட்டும்னு கம்பெனிக்காரன் வெச்ச ஓட்டை இது. வெளிய ஒழுகினா ஆளுங்க பாத்து உஷாராயிடுவாங்க. இத அடைச்சிட்டதால தண்ணிக்கு வேற வழியில்லாம ஆயிலுக்குள்ள போயிருக்கு."

பெயிண்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஓட்டையை உற்றுப் பார்த்தார். "ஓட்டை இருந்தா பெயிண்டர் பட்டி வெச்சு அடைப்பான். அதானய்யா எங்க தொழிலே" என்றார். கேப்டனுக்குக் கோபப்பட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. சிரித்துச் சிரித்து இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

பழைய சீலை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போன கழட்டி, ஏதோ ஒரு லாரிக்குப் போடுகிற சீல் இதே அளவில் கிடைத்ததென்று துள்ளிக்கொண்டு வந்தான். பம்பு பூட்டியாயிற்று. எல்லாம் முடிந்தது என்று பெயிண்டர் எழுந்தார். கழட்டி எழவில்லை. இன்ஜின் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?"

"கீழ பேரிங்கெல்லாம் எப்படி இருக்கோ தெரியலயேக்கா. உப்புத் தண்ணியாச்சே."

"ஒரு நாள் ஓட்டம்தான கலந்து ஓடியிருக்கு? முந்தின நாள் ஆயில் நல்லா இருந்துச்சு. நான் பாத்தேன்."

"ஒரு நாள்தான். ஒண்ணும் ஆயிருக்காது. நூத்துக்கு தொண்ணூறு ஒண்ணும் ஆயிருக்காது." அவன் இந்த முறை விளையாடவில்லை. "ஆனா நடு ஆத்துல, அம்புட்டு பேர ஏத்திட்டுப் போறப்ப அந்த மிச்சம் பத்து வந்து நின்னா? நான் எல்லாத்தையும் பிரிக்கிறேன்னு எல்லாரும் சிரிக்கிறீங்க. கண்ணால பாக்காத வரைக்கும் எனக்கு உள்ள ஏதோ இருக்குன்னே தோணிட்டு இருக்கும்கா."

அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. துருப்பிடித்த அந்த ஹெட் நட்டின் அழுகையும் காதிலேயே இருந்தது. பிடிவாதமாகத் திறந்தால் திறந்த கையே உடைத்துவிடக்கூடிய வயசு அந்த இன்ஜினுக்கு. முழுக்கத் திறந்து போட்டால் படகு எப்போது ஓடும் என்று சொல்வதற்கில்லை. திறக்காமலே ஓட்டினால் ஒவ்வொரு சவாரியிலும் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான். அவள் குனிந்து இன்ஜினைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாள்.

"இன்ஜின் சாஞ்சுதான உக்காந்திருக்கு? பின்பக்கம் தாழ்வா?" என்று கேட்டாள்.

"ஆமா. தண்ணிக்குள்ள இருக்கிற விசிறிக்குப் போற ஷாஃப்ட் பின்னால இறங்குதுல்ல."

"அப்போ தண்ணி சேந்தா எங்க சேரும்?"

கழட்டி நிமிர்ந்து பார்த்தான். "கடைசி பேரிங் பக்கம்."

"பக்கவாட்டுல இருக்கே, அந்தக் கதவு மாதிரி மூடி. அது வழியா கை போகுமா?"

"தாராளமா போகும். அதுக்குத்தான் வெச்சிருக்கான். உள்ள இருக்கிற நட்டெல்லாம் ஆயில்லயே ஊறினது, துரு இருக்காது."

"அப்போ அந்தக் கடைசி ஒண்ண மட்டும் பாரு. கெட்டது இருந்தா அங்கதான் மொதல்ல கெட்டிருக்கும். அது நல்லா இருந்தா மூடிடணும். கெட்டிருந்தா இன்ஜின தூக்கி முழுசா பிரி, நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். அடுத்த டீ வருவதற்குள் மூடியைத் திறந்து, தோள் வரை கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே நட்டுகளைத் தேடிக் கழட்டினான். வெளியே வந்த கையில் ஆயில் சொட்டும் ஒரு அரைவட்டத் தகடு இருந்தது, பேரிங்கின் பாதி. துணியால் அழுத்தித் துடைத்தான். மூன்று தலைகள் அதன் மேல் குனிந்தன.

வழவழவென்று, மங்கலான வெள்ளி நிறத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

கழட்டி நகத்தை அதன் மேல் இழுத்துப் பார்த்தான். எங்கும் தட்டவில்லை. "தங்கமா இருக்குக்கா" என்றான். அவன் தோள் இரண்டும் இறங்கின.

கேப்டன் அந்தத் தகட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இத்தனை வருஷம் காலுக்குக் கீழே உறுமிக்கொண்டிருந்த ஒன்றின் உள்ளே இப்படியொரு அழகு இருந்ததா? திறந்த மூடி வழியே எட்டிப் பார்த்தாள். டார்ச் வெளிச்சத்தில் கிராங்க் ஷாஃப்ட் ஆயில் பூசி மின்னியது. அதற்கு அடுத்த பேரிங்கின் நட்டுகள் கை எட்டும் தூரத்தில், கழட்டு கழட்டு என்று கூப்பிட்டன. அவளுக்கு விரல் நுனி நமநமவென்றது.

"டேய், பக்கத்துல இருக்கே, அதையும் ஒண்ணு பாத்துடலாமா?"

"எதுக்கு?"

அவள் திகைத்தாள். "எதுக்குன்னா... திறந்ததுதான் திறந்துட்டோமே. சும்மா, எப்படி இருக்குன்னு."

"சும்மாவா? வேணாம்கா" என்றான் கழட்டி. அப்படி ஒரு வார்த்தையை வாழ்நாளில் முதன்முறையாகச் சொல்கிறவனின் கௌரவத்தோடு கையை நீட்டினான். "குடு. மூடிடலாம்."

பெயிண்டர் டீத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

பேரிங்கை அதன் இடத்தில் வைத்து, முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானரால் இறுக்கி, மூடியைப் பூட்டினார்கள். புது ஆயில் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு வடித்தார்கள். இன்னும் லேசாக வெளுப்பு. மறுபடி ஊற்றி, ஓட்டி, வடித்தார்கள். மூன்றாவது முறை குச்சியில் வந்தது சுத்தமான தேன் நிறம். தரையில் ஒரு திருகாணிகூட மிச்சமில்லை. கழட்டி இரண்டு தடவை பெட்டியைக் கவிழ்த்துத் தேடிவிட்டு, நம்பமுடியாமல் நின்றான். விஷயம் தெரிந்து வந்த அக்கம்பக்கத்துக்காரர் ஒருவர் துறையிலிருந்தே, "இத்தன நாளா என்னத்தப்பா பெருசா கழட்டின?" என்று குரல் கொடுத்தார். "ரொம்ப கம்மியாதாங்க" என்று பதில் சொன்னான், அதில் ஒரு பெருமையோடு.

மறுநாள் காலை துறையில் வரிசை மறுபடி நின்றது. ரொட்டிக்கடைக்காரர் முதல் ஆளாகக் கூடைகளை ஏற்றினார். கேப்டன் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஒரு இருமல் இருமி, கனைத்து, பழைய தாளத்தில் விழுந்தது. யாரோ விசிலடித்தார்கள். கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நகந்து உக்காருங்க, நகந்து உக்காருங்க" என்று யாருமே நிற்காத இடத்தைப் பார்த்து அதட்டினாள்.

கழட்டி பட்டறைக்கு லீவு சொல்லியிருந்தான். முதல் சவாரியில் ஏதாவது சத்தம் மாறுகிறதா என்று கேட்பதற்காக என்று சொல்லிக்கொண்டு, முன்பக்கம் ரொட்டிக் கூடைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தான். காலைக் காற்று சில்லென்று வீசியது. சுடச்சுட ரொட்டி வாசனை. பாதி ஆற்றில் அவன் தலை ஒரு கூடைமேல் சாய்ந்தது. அக்கரை வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். ரொட்டிக்கடைக்காரர் மற்ற கூடைகளை இறக்கிவிட்டு, அந்த ஒரு கூடையை மட்டும் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"இருக்கட்டும் அண்ணே, அடுத்த தடவ இறக்கிக்கலாம்" என்றாள் கேப்டன்.

படகு திரும்பியது. மறுபடி போனது. வெயில் ஏறி, ஏறிய ஆட்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்து, அவனைத் தாண்டி இறங்கினார்கள். இரண்டு கரையையும் அவன் எத்தனையோ முறை தொட்டுவிட்டு வந்தான். அவள் எழுப்பவே இல்லை.